வலியை அளக்கும் கட்டைவிரல்

நீளத்தை மீட்டரில் அளக்கிறோம். நிறையைக் கிலோகிராமில் அளக்கிறோம். மின்னோட்டத்துக்கு ஆம்பியர் இருக்கிறது. வலிக்கு என்ன அலகு? நோயாளி மனிதனாக இருந்தால், "எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்டுவிடலாம். அவன் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடும். ஆயினும் ஒரு விடை கிடைத்துவிடும். வாயில்லாப் பிராணியிடம் இதை எப்படிக் கேட்பது? அதிலும், அதற்கு வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்வதில் அதன் உரிமையாளருக்குப் பரிசும் புகழும் பெரும்பணமும் இருக்குமானால், அந்த வலியை ஓர் அரசு அலுவலர் கண்டுபிடித்து நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எங்ஙனம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்க அரசு 1970ஆம் ஆண்டிலிருந்து முயன்று வருகிறது. குதிரைக் காட்சிகளிலும் ஏலங்களிலும் அரசு நடத்தும் சோதனையின் வரலாறு அது. சட்ட வரலாறாகவே இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கோ இது முதன்மையாக ஓர் அளவீட்டுச் சிக்கலாகவே தோன்றுகிறது.

மிதந்து செல்லும் நடை

அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னசி மாநிலம் உள்ளது. அங்குப் பெரிய பண்ணைகளை நாள் முழுதும் குதிரைமீது அமர்ந்து சுற்றிவர வேண்டியவர்களுக்கு உடல் குலுங்காத குதிரை தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்து உருவான இனமே டென்னசி நடைக்குதிரை. 1886இல் பிறந்த 'பிளாக் ஆலன்' என்னும் ஆண் குதிரையை இவ்வினத்தின் மூதாதையாகக் கொள்வர். இனப்பதிவுக்கான சங்கம் 1935இல் லூயிஸ்பர்க் நகரில் தோன்றியது.

சாதாரணக் குதிரை துள்ளு நடையில் செல்லும்போது மூலைவிட்டமாக அமைந்த இரண்டிரண்டு கால்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுகின்றன. இடையில் கணநேரம் நான்கு கால்களும் தரையை விட்டு நீங்கிவிடும். மேலே இருப்பவரின் இடுப்பு எலும்பு அதை நன்கு அறியும்! நடைக்குதிரையின் 'ஓட்ட நடை' அப்படிப்பட்டதன்று. நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே தரையைத் தொடுகின்றன. எப்போதும் ஏதேனும் ஒரு கால் தரையில் ஊன்றியே இருக்கும். பின்னங்குளம்பு, முன்னங்குளம்பு பதிந்த தடத்தையும் தாண்டி முன்னே சென்று விழுகிறது. ஆகவே குதிரையின் புவியீர்ப்பு மையம் மிகக் குறைவாகவே மேலும் கீழும் அசைகிறது. ஏறியிருப்பவர் படகில் செல்வதுபோலச் செல்லலாம்.

இந்த நடை இயல்பானது, பிறவியிலேயே வருவது. இதை வைத்து 1939இல் ஷெல்பிவில் என்ற சிற்றூரில் ஒரு பெரும் போட்டி தொடங்கியது. ஆண்டுதோறும் கோடை முடியும் தறுவாயில் நடைபெறும் அவ்விழாவுக்குச் 'செலிப்ரேஷன்' என்றே பெயர்.

போட்டி என்று வந்தபின் இயல்பானது போதாமற் போயிற்று. 1950களில் பார்வையாளர்களும் நடுவர்களும் முன்னங்கால்களை மிக உயரமாகத் தூக்கி வீசி, பின்னங்கால்களில் ஏறக்குறைய குந்தியவாறு செல்லும் மிகைப்பட்ட நடையை விரும்பத் தொடங்கினர். 'பிக் லிக்' என்று அதற்குப் பெயரிட்டனர். அந்நடையை நேர்மையான வழியில் கொண்டுவரப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அப்போதும் எல்லாக் குதிரைக்கும் அது வராது. குறுக்கு வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது.

முன்னங்கால்களில் குளம்புக்குச் சற்று மேலே உள்ள மென்மையான கணுப்பகுதியில் எரிச்சலூட்டும் வேதிப்பொருளைத் தடவுவார்கள். மண்ணெண்ணெய், டீசல், கடுகெண்ணெய் ஆகியன இதற்குப் பயன்பட்டன. கடுகெண்ணெய் என்றதும் சமையல் எண்ணெயை எண்ணிவிட வேண்டாம்; கடுகின் காரத்துக்குக் காரணமான அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற ஆவியாகும் பொருள் அது; தோலில் பட்டால் கொப்புளம் எழும். நேர்வாள எண்ணெயும் இப்பட்டியலில் உண்டு. நம் நாட்டு மருத்துவர்கள் நேர்வாளத்தைத் துளியளவு பேதி மருந்தாகக் கையாளும்போதுகூட எத்தனை அஞ்சுவார்கள் என்பதை வாசகர்களில் பெரியவர்கள் அறிவார்கள். தடவிய இடத்தை பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி ஊறவிடுவார்கள். பிறகு அந்தப் புண்பட்ட இடத்தின்மேல் ஒரு சங்கிலியை வளையமாக மாட்டி நடக்கவிடுவார்கள். ஒவ்வோர் அடிக்கும் சங்கிலி புண்ணில் இடிக்கும். வலி தாளாமல் குதிரை காலை வெடுக்கென்று உயரத் தூக்கும். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள்.

இதனுடன், குளம்பின் அடியில் பல அடுக்கு அட்டைகளை வைத்து அவற்றின்மேல் லாடம் அடிப்பதும் உண்டு. இங்கே இயற்பியல் கொஞ்சம் புகுகிறது. தோள்பட்டையை மையமாகக் கொண்டு வீசப்படும் காலின் நிலைமத் திருப்புத்திறன், நிறையை மட்டுமன்றி மையத்திலிருந்து அந்நிறை இருக்கும் தொலைவின் இருமடியையும் பொறுத்தது. தொடையருகே ஒரு கிலோகிராம் கட்டுவதும் குளம்பில் ஒரு கிலோகிராம் கட்டுவதும் ஒன்றல்ல. தொலைவு நான்கு மடங்கானால் திருப்புத்திறன் பதினாறு மடங்காகும். கனத்த குளம்பு ஒருமுறை வேகம் பெற்றுவிட்டால் உயரமாகவும் நீளமாகவும் வீசிச் சென்றே நிற்கும். அடுக்குக்கு வேறொரு பயனும் உண்டு: குளம்பின் அடிப்பகுதியை மெல்லியதாகச் சீவிவிட்டு, ஏதேனும் கடினப்பொருளை அங்கே அழுத்தி வைத்து, மேலே அடுக்கை மூடிவிட்டால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

சட்டம் வந்தது, நோக்கம் தடுத்தது

மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் இக்கொடுமையைத் தடுக்கச் சட்ட முன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார். 1970 நவம்பர் தேர்தலில் அவர் தோற்றுப்போனார். அடுத்த மாதமே, டிசம்பர் 9ஆம் நாள், குடியரசுத்தலைவர் நிக்சன் கையெழுத்திட, 'குதிரைப் பாதுகாப்புச் சட்டம்' நடைமுறைக்கு வந்தது. புண்படுத்தப்பட்ட குதிரையைக் காட்சியிலோ விற்பனையிலோ ஏலத்திலோ கொண்டுவருவது குற்றமாயிற்று. சோதிக்கும் பொறுப்பு வேளாண்மைத் துறையிடம் வந்தது.

முதற்சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. புண் இருப்பதை மட்டும் காட்டினால் போதாது. நடையை மாற்றும் நோக்கத்துடனேயே அது உண்டாக்கப்பட்டது என்றும் காட்ட வேண்டும். பூட்டிய லாயத்துக்குள் இரவில் ஒருவன் மனத்தில் என்ன நோக்கம் இருந்தது என்று யார் மெய்ப்பிப்பது? 1976இல் சட்டம் திருத்தப்பட்டு, நோக்கத்தைக் காட்டவேண்டிய கட்டாயம் நீக்கப்பட்டது.

அத்திருத்தத்தில் இன்னொரு விதியும் சேர்ந்தது. என் கருத்தில் இச்சட்டத்திலேயே மிகுந்த அறிவியல் நுட்பம் கொண்ட விதி அதுதான். முன்னங்கால் இரண்டிலுமோ பின்னங்கால் இரண்டிலுமோ இயல்புக்கு மாறான கூச்சம் அல்லது அழற்சி காணப்பட்டால், அக்குதிரை புண்படுத்தப்பட்டதாகவே கொள்ளப்படும். ஏன் இரண்டும்? கல்லில் இடறினாலும் முள் குத்தினாலும் ஒரு காலில்தான் படும். இயற்கையில் நேரும் விபத்து வலம் இடம் பார்த்துச் சமமாக வருவதில்லை. இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் புண் என்றால், அங்கே ஒரு மனிதக் கை வேலை செய்திருக்கிறது. சமச்சீர்மையையே சாட்சிக் கூண்டில் ஏற்றிய சட்டம் என்று இதைச் சொல்லலாம்.

மீச்சிற்றளவு இல்லாத கருவி

சோதனை எப்படி நடக்கிறது? குதிரையை முதலில் கூம்புகளைச் சுற்றி எட்டு வடிவத்தில் நடத்திப் பார்க்கிறார்கள். திரும்பும்போது தயங்குகிறதா, எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றுகிறதா என்று கவனிக்கிறார்கள். பிறகு அதை நிறுத்திவைத்துச் சோதகர் குனிந்து ஒவ்வொரு முன்னங்காலாகத் தூக்கி, கணுப்பகுதியைத் தம் கட்டைவிரலின் தட்டையான பகுதியால் அழுத்திக்கொண்டே வருகிறார். ஒரே இடத்தில் அழுத்தும்போதெல்லாம் குதிரை காலை இழுத்துக்கொண்டால் அங்கே வலி இருக்கிறது.

எவ்வளவு அழுத்துவது? அதற்கு அவர்கள் கூறும் அளவு: சோதகரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை. நீங்களும் இப்போதே மேசைமேல் விரலை அழுத்திப் பார்க்கலாம். நகத்தடியில் உள்ள நுண்குழாய்களிலிருந்து இரத்தம் விலகுவதால் நிறம் மாறுகிறது. ஆக, கட்டைவிரலே ஓர் எளிய அழுத்தமானியாகிவிடுகிறது. செலவில்லாத கருவி, சட்டைப்பையில்கூட வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் மாணவரிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி, 'இதன் மீச்சிற்றளவு என்ன?' என்பதுதானே. கட்டைவிரலுக்கு அது கிடையாது. அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை. ஒருவர் விரல் அகலம், இன்னொருவர் விரல் குறுகல். காலையில் அழுத்திய விரலும் அறுபது குதிரைகளுக்குப் பின் மாலையில் அழுத்தும் விரலும் ஒன்றல்ல.

அமெரிக்க நீதிமன்றங்களுக்கும் இதே ஐயம் எழுந்தது. 1995ஆம் ஆண்டில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், விரலால் அழுத்திப் பார்த்தது மட்டும் போதிய சான்றாகாது என்றது. அதே ஆண்டில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரின் விரல் போதும் என்றது. சோதனை ஒன்றே, தீர்ப்பு இரண்டு.

கருவியின் குறையைவிடப் பெரிய இடர் மறுபுறம் இருந்தது. நாம் ஒரு கம்பியின் மின்தடையை அளந்தால் கம்பி நம்மை ஏமாற்ற முயல்வதில்லை. இங்கோ அளக்கப்படும் பொருள் அளவிக்கு எதிராகத் தயார் செய்யப்பட்டு வருகிறது! பயிற்சி லாயங்களில் போலிச் சோதனை நடத்துவார்கள். புண்ணில் விரலை வைத்து அழுத்துவார்கள். குதிரை அசைந்தால் தலையிலோ முகத்திலோ அடிப்பார்கள். சோதனையின்போது அசைந்தால் இதைவிடப் பெரிய வலி வரும் என்று குதிரை கற்றுக்கொண்டுவிடும். பின்னர் உண்மைச் சோதகர் அழுத்தும்போது அது மரம்போல நிற்கும். கருவி 'சுழி' என்று காட்டும். இதுவும் கடினமென்றால், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் லிடோகெய்ன் போன்ற மரப்பு மருந்தைச் சோதனைக்கு முன் தடவிவிடுவார்கள். மருந்தின் வேகம் தீரும் நேரத்தில் குதிரை களத்தில் இருக்கும்.

வெப்பம் சொல்லும் செய்தி

அடிக்குப் பயந்து தசை அடங்கலாம். ஆனால் தோலின் வெப்பநிலையை அடித்து அடக்க முடியாதே! அழற்சியுற்ற இடத்தில் இரத்த ஓட்டம் மிகும். இரத்தம் மிகுந்தால் தோல் சூடேறும். சூடேறினால் அகச்சிவப்புக் கதிர்வீச்சு கூடும். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ராம் புரோஹித் என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1978 முதல் 1982 வரை வெப்பப்படக் கருவிகொண்டு குதிரைக் கால்களை ஆராய்ந்தனர்.

இக்கருவி எவ்வளவு நுட்பமானது என்பதை எளிய கணக்கால் அறியலாம். தோலின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், அதாவது சுமார் 303 கெல்வின் எனக் கொள்வோம். வீன் விதிப்படி அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 9.6 மைக்ரான் அலைநீளத்தில் உச்சம் பெறும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைப்போல் இது பதினைந்து மடங்குக்கும் மேல். ஸ்டீபன் விதிப்படி கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஒரு டிகிரி உயர்ந்தால் 303இல் 4 பங்கு, அதாவது 1.3 விழுக்காடு மட்டுமே கூடும். அந்தச் சிறு மாற்றத்தைத் தொடாமலேயே கருவி படமாக்கிக் காட்டிவிடுகிறது.

நலமான குதிரையின் இடக்காலும் வலக்காலும் ஏறக்குறைய ஒரே வெப்பப் படத்தைத் தரும். ஆகவே சாதாரண நொண்டலைக் கண்டறிய மருத்துவர்கள் இரு கால்களையும் ஒப்பிட்டு, ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயுறுகிறார்கள். சட்டத்தின் சமச்சீர் விதியை இங்கே நினைத்துப் பாருங்கள். புண்படுத்துவோர் இரு கால்களையும் ஒரே அளவில் புண்படுத்துகிறார்கள். அப்படியானால் இரு கால்களும் ஒரே அளவு சூடாக இருக்கும். ஒப்பீடு ஒன்றும் சொல்லாது. எனவே ஒரே காலின் மேற்பகுதியையும் கணுவையும் ஒப்பிட்டு, சூடு எவ்வடிவில் பரவியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெயில், காற்று, ஈரம், ஒட்டிய புழுதி ஆகியவையும் படத்தைக் கெடுக்கும். இதனால் வெப்பப்படம், எந்த இடத்தில் விரலை வைத்துக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று சுட்டும் துணைக்கருவியாகவே நிற்கிறது.

சங்கிலியின் எடை பற்றியும் ஆபர்ன் ஆய்வு ஆராய்ந்தது. 8, 10 அவுன்சு சங்கிலிகள் தோலைப் புண்ணாக்கின. 6 அவுன்சும் அதற்குக் குறைந்தவையும் அவ்வாறு செய்யவில்லை. ஆயினும் அரசு விதிகள் கனமான சங்கிலிகளைத் தொடர்ந்து அனுமதித்தே வந்தன. விலங்கு நல அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்த பின்னரே 1988இல் 6 அவுன்சு, அதாவது 170 கிராம், மேல்வரம்பாயிற்று. ஆய்வு முடிந்து ஆறு ஆண்டுகள்! அப்போதும் விதி எடையைப் பற்றித்தான் பேசியது. நேர்வாள எண்ணெயில் ஊறிய தோலுக்கு 170 கிராம் என்பது சிறிய எடையா என்று அது கேட்கவில்லை.

அளவுகோல் யார் கையில்?

நாடெங்கும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான காட்சிகள். இச்சட்டத்தை நடத்த 1976இல் ஒதுக்கப்பட்ட உச்சவரம்போ ஆண்டுக்கு 5 இலட்சம் டாலர்தான். ஆகவே 1979இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குதிரைத் தொழில் அமைப்புகளே சோதகர்களைப் பயிற்றுவித்து உரிமம் வழங்கலாம். காட்சி நடத்துவோர் அவர்களை அமர்த்திக்கொள்ளலாம். அரசு மருத்துவர்கள் அவ்வப்போது வந்து மேற்பார்ப்பார்கள். தேர்வு எழுதும் மாணவனே தன் விடைத்தாள் திருத்துநரை அமர்த்திச் சம்பளமும் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

விளைவை 2010இல் அத்துறையின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. அரசு மருத்துவர்கள் நேரில் சென்ற காட்சிகள் சுமார் 6 விழுக்காடு. அச்சோதகர்கள் பதிவு செய்த மீறல்களில் ஏறக்குறைய பாதி அந்த 6 விழுக்காட்டுக் காட்சிகளிலேயே அகப்பட்டன! அதே சோதகர், அதே கட்டைவிரல். பக்கத்தில் அரசு மருத்துவர் நின்றால் குதிரைக்கு வலிக்கிறது, நிற்காவிட்டால் வலிப்பதில்லை. காட்சியிடங்களில் எதிர்ப்பு கடுமையாக இருந்ததால் அரசு மருத்துவர்கள் காவலர் துணையுடன் செல்ல நேர்ந்ததையும் அறிக்கை குறித்தது. தொழில் அமைப்புச் சோதகர் முறையையே ஒழித்துவிடுமாறு பரிந்துரைத்தது.

சோதனை கண்டிப்பாக நடந்தால் என்ன ஆகும் என்பதை 2006ஆம் ஆண்டே காட்டியிருந்தது. அவ்வாண்டு ஷெல்பிவில் விழாவின் இறுதிச் சுற்றுக்கு வந்த குதிரைகளில் பெரும்பான்மையானவை சோதனையில் நிறுத்தப்பட்டன. போட்டி கைவிடப்பட்டது. 1939இல் விழா தொடங்கிய பின் பேரவெற்றிப் பட்டம் எவருக்கும் கிடைக்காத முதல் ஆண்டு அதுவே.

இதற்கிடையில் வேதியியல் துணைக்கு வந்தது. குதிரையின் கணுவைத் துணியால் துடைத்தெடுத்து, அதில் படிந்த பொருள்களை வாயு வண்ணப்பிரிகை முறையால் பிரித்து, நிறை நிறமாலைமானியால் இனங்காண்கிறார்கள். குதிரை அசையாமல் நிற்கலாம். மூலக்கூற்றின் நிறையை மாற்ற முடியாது. 2012 விழாவில் வேளாண்மைத் துறை எடுத்த மாதிரிகளில் 76 விழுக்காட்டில், இருக்கக்கூடாத பொருள்கள் காணப்பட்டன. அவற்றுள் மரப்பு மருந்துகளும் இருந்தன. அவ்வாண்டு மே மாதம் பயிற்சி லாயம் ஒன்றில் மறைவாக எடுக்கப்பட்ட படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. நாடே அதிர்ந்தது. கால்நடை மருத்துவர்களின் தேசியச் சங்கமும், குதிரை மருத்துவர்களின் சங்கமும், சங்கிலியையும் அடுக்கு லாடத்தையும் அறவே தடை செய்யவேண்டும் என்று கோரின.

அதன்பிறகு நடந்தவை மெதுவானவை. 2017 ஜனவரியில் ஆயத்தமான புதிய விதி, ஆட்சி மாறியதும் அச்சேறாமல் திரும்பப் பெறப்பட்டது. டைடிங்ஸ் 2018இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய கடுமையான சட்ட முன்வரைவு 2019 ஜூலையில் கீழவையில் 333க்கு 96 என்ற வாக்குகளில் நிறைவேறி, செனட் சபையில் எடுத்துக்கொள்ளப்படாமல் நின்றது. 2022இல் மீண்டும் கீழவையில் நிறைவேறியது, மீண்டும் நின்றது. 2021இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, சோதனை முறைகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. கால்நடை மருத்துவர்களே சோதகர்களாக இருக்கவேண்டும், வெப்பப்படக் கருவியை மீண்டும் முறையாகப் பயன்படுத்தவேண்டும் என்று அது கூறியது. கட்டைவிரலை அது தள்ளிவிடவில்லை. பயிற்சி பெற்றவர் கையில் அது நம்பத்தக்க முறையே என்றது.

இவற்றை ஏற்று, சங்கிலியையும் அடுக்கையும் தடுத்து, தொழில் அமைப்புச் சோதகர் முறையை முடிவுக்குக் கொண்டுவரும் விதியை வேளாண்மைத் துறை 2024 மே மாதம் வெளியிட்டது. 2025 பிப்ரவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முந்திய நாள் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சங்கிலி, அடுக்கு பற்றிய தடை உட்பட அதன் முக்கியப் பகுதிகளை நீக்கித் தீர்ப்பளித்தது. எஞ்சிய பகுதிகளுக்கான நாளைத் துறையே தள்ளிவைத்தது. 2025 கோடையிலும் ஷெல்பிவில் களத்துக்கு வந்த குதிரைகள், 170 கிராம் சங்கிலிக்கு முன்னதாக, கூம்புகளைச் சுற்றி எட்டு வடிவில் நடந்து, ஒருவரின் கட்டைவிரலுக்கு முன்னங்காலை நீட்டிவிட்டுத்தான் உள்ளே சென்றன.